றெஜினா அக்கா அழிக்காமல் வைத்த பிழை

செய்தி என் கைபேசிக்குப் படமாக வந்தது. கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல். நடுவில் றெஜினா அக்காவின் படம், அடையாள அட்டைக்கு எடுத்ததை வெட்டிப் போட்டிருந்தார்கள். கீழே, "ஓலைத்தொடுவாயைப் பிறப்பிடமாகக் கொண்ட" என்று தொடங்கியது. றெஜினா அக்கா பேசாலையில் பிறந்து பேசாலையிலேயே இருந்தவர். ஓலைத்தொடுவாயில் அவருக்கு ஒரு சொந்தமும் இல்லை. அறிவித்தல் அடிக்கிற எங்கள் கடையில் யாரோ போன மாதத்து அறிவித்தல் ஒன்றைத் திறந்து பேரை மாற்றிவிட்டு ஊரை மாற்ற மறந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே விளங்கியது. கூடவே ஒரு மடத்தனமான நம்பிக்கையும் வந்தது. ஊர் பிழையென்றால் பேரும் பிழையாக இருக்கலாம் அல்லவா?

காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த நான் கடை முதலாளிக்கு அழைத்தேன்.

"முதலாளி, உந்த நோட்டீஸ் பிழையெல்லோ?"

அவர் சொன்னார்: "ஊர் மட்டும்தான் பிழை தம்பி. மிச்சம் எல்லாம் சரி."

அக்கா காலையில் தலை இடிக்குது என்று கதிரையில் சாய்ந்திருக்கிறார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. அறிவித்தலை அடித்தது முதலாளிதான். ஓலைத்தொடுவாய்ப் பெரியவர் ஒருவருடைய கோப்பைத் திறந்து, அதன் மேலேயே அடித்து, அப்படியே சேமித்தும் விட்டார். அந்தப் பெரியவரின் அறிவித்தல் எங்கள் கணினியில் இப்போது இல்லை. றெஜினா அக்கா உயிரோடு இருந்திருந்தால் முதலாளி என்றும் பார்க்காமல் ஏசிக் கிழித்திருப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் பெரும்பாலானோருக்கு அவரைத் தெரியும். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கடிதம் அடிக்கிற எங்கள் கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தவர். உங்கள் மீனவர் சங்கத்தின் வலை இழப்புக் கடிதம், உங்கள் மகளின் வேலை விண்ணப்பம், காணாமற்போன படகுக்கான முறைப்பாடு, எல்லாம் அவருடைய விரல்களால் அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனவை. செத்தவர்களை எல்லாம் புனிதராக்குவது நம் வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அவருக்கு வாய் பொல்லாதது. சங்கத் தலைவர்மாரை வாசலில் வைத்தே ஏசுவார். கணினி டிப்ளோமாவோடு அங்கே வேலைக்குப் போன என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் 'டிப்ளோமா'.

அவர் வெற்றுப் பக்கத்தில் கடிதம் தொடங்கமாட்டார். "வெள்ளைப் பக்கத்தில கடிதம் தொடங்கிறது வசதியான ஆக்களின்ர வேலை" என்பார். "எங்கட சனம் எல்லாம் ஒரே விசயத்தைத்தான் கேக்குது. ஒரே கடிதம்தான். பேர்தான் வேற." ஆகவே எதற்கும் ஒரு பழைய கடிதத்தைத் திறப்பார். ஆனால் திறந்தவுடன், ஒரு எழுத்தையும் தொடுவதற்கு முன், அதை வேறு பெயரில் சேமிப்பார். புதிதாக வந்தவரின் பேர், விசயம், வருடம். அதற்குப் பிறகுதான் விசைப்பலகையில் கை போகும். நான் முதலில் அடித்துவிட்டுக் கடைசியில் பேர் வைக்கிறவன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நடுவில் கரண்ட் போகும், போட்டோ கொப்பிக்கு ஆள் வரும், யாரோ கூப்பிடுவார்கள், கை பழக்கத்தில் தானாகச் சேமித்துவிடும். பழைய கடிதம் அத்தோடு போய்விடும்.

"டிப்ளோமா, ஞானஸ்நானம் குடுத்தாச்சோ?" என்று தன் இடத்தில் இருந்தபடியே கேட்பார். திருக்கேதீஸ்வரப் பக்கத்துச் சைவப் பிள்ளையான எனக்கு முதல் நாள் அது விளங்கவில்லை. கோப்புக்குப் பேர் வைத்தாயா என்று கேட்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் இல்லை என்றேன்.

"நீங்கள் சைவக்காரர் பிள்ளைக்குப் பேர் வைக்க முப்பத்தொரு நாள் பொறுப்பீங்கள். கொம்பியூட்டர் பொறுக்காது, மோனை."

எனக்குக் கோபம் வந்தது. அவருக்குத் தெரியாத ஒன்றைக் காட்டவேண்டும் என்று, அடிக்கடி வருகிற கடிதங்களை வார்ப்புருவாகச் சேமிக்கிற முறையைச் செய்து காட்டினேன். திறந்தால் பழையது திறக்காது, அதன் பிரதி ஒன்றுதான் பேரில்லாமல் திறக்கும். பழைய கோப்புகளை 'வாசிக்க மட்டும்' என்று பூட்டுகிற வழியையும் காட்டினேன். தலையைச் சாய்த்து முழுவதையும் பார்த்தார். லீவுக் கடிதம், வேலை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழுக்கான கோரிக்கை எல்லாவற்றையும் அன்றைக்கே அப்படி மாற்றச் சொன்னார். காணிக் கடிதங்களில் கை வைக்க விடவில்லை. "அதுகளுக்கு உந்த வார்ப்புரு வேண்டாம். ஒவ்வொரு வருசமும் அந்தாள் என்ன கேட்டதோ அது அப்பிடியே கிடக்க வேணும். நாளைக்கு அதுதான் சாட்சி." அவற்றைப் பூட்டுகிற வேலையை மட்டும் என்னிடம் விட்டார். நான் நாளைக்குச் செய்வோம் என்று விட்டேன். நாற்பது கோப்புகள். ஒரு மணித்தியால வேலை. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முருகையா அண்ணனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து நம் பெருநிலப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளை. யுத்தத்தில் மறுபடி ஓடி, மறுபடி வந்து அதே காணியில் இருக்கிறார். கூலி வேலை. காணிக்கு ஒரு துண்டுக் கடதாசியும் கிடையாது. இப்படியானவர்களை நம் கரையோரச் சனம் என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை என் சொல்லாக நான் எழுதமாட்டேன். நம்மை மற்றவர்கள் துரத்தியதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நம் கடை வாசலில் யாரை நிற்க வைத்தோம், யாருக்குக் கதிரை கொடுத்தோம் என்பதைப் பேசுவதில்லை. றெஜினா அக்கா முருகையா அண்ணனுக்குக் கதிரை கொடுப்பார். அவர் இவரை "டீச்சரம்மா" என்பார். "நான் டீச்சர் இல்லை அண்ணை, எட்டாம் வகுப்பு" என்று ஒவ்வொரு முறையும் இவர் திருத்துவார். அடுத்த முறையும் அவர் "டீச்சரம்மா" என்றே தொடங்குவார்.

மீள்குடியேறிய புதிதில், காணி கேட்கிற அவருடைய முதற் கடிதத்தை அக்கா அடித்தார். பிறகு அவர் கட்டட வேலைக்குக் கொழும்புக்குப் போய் மூன்று வருடம் வரவில்லை. திரும்பி வந்ததிலிருந்து வருடா வருடம் ஒரு கடிதம். இந்த வருடத் தொடக்கத்தில் கந்தோர் ஒரு புதிய விதி சொன்னது. குறிப்பிட்ட ஒரு வருடத்துக்கு முன்பே விண்ணப்பித்ததற்கு ஆதாரம் இருந்தால் காணிக்குப் பேர்மிட், அதாவது அனுமதிப் பத்திரம். இல்லையென்றால் இல்லை. அந்த வருடத்துக்கு முந்தியது அவருடைய முதற் கடிதம் ஒன்றுதான். கந்தோரில் அவருடைய கடிதங்கள் இருந்த கோவை காணாமற்போய்விட்டதாம். அவருடைய கைப்பிரதி வெள்ளத்தோடு போயிருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் கடைக்கு வந்தார்.

"டீச்சரம்மாகிட்ட இருக்குமுன்னு சொல்லிட்டு வந்தேங்க."

"இருக்கும் அண்ணை, இருங்கோ" என்று அக்கா கோப்பைத் திறந்தார். உள்ளே சிலாவத்துறை மீனவர் ஒருவரின் படகு இயந்திரப் பதிவுக் கடிதம் இருந்தது.

ஒரு மாதத்துக்கு முன் அதை அடித்தது நான். முருகையாவின் முதற் கடிதம்தான் பந்தி ஒழுங்கு நேராக உள்ள கடிதம் என்று அதைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்து, படகு விசயத்தை அடித்து, சேமித்து, அச்செடுத்துக் கொடுத்தேன். பேர் வைக்கவில்லை. வாரா வாரம் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கிற பென் டிரைவைச் செருகினோம். அதிலும் படகு. பிரதி எடுக்கும்போது, பழையதை மாற்றவா என்று கணினி கேட்டிருக்கும். நான் வாசிக்காமலே ஓம் கொடுத்திருப்பேன். வாசிக்காமல் முத்திரை குத்துகிற கிளாக்கர்மாரைப் பற்றி அந்தக் கிழமைதான் முகநூலில் நீளமாக எழுதியிருந்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். ஏசவில்லை. மெதுவாகக் கேட்டார்: "ஆரை அழிச்சனி?"

முருகையா அண்ணனுக்கு என்ன நடந்தது என்று சரியாக விளங்கவில்லை என்றே நினைத்தேன். "மிசின்ல இருந்து போயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி அக்கா அவரை அனுப்பினார். அவர் போனதும் நான் சொன்னேன்: "அக்கா, பத்து நிமிச வேலை. கடிதம் உங்களுக்கு மனப்பாடம். திரும்ப அடிச்சு, பழைய திகதியைப் போடுவம். அவையள் என்ன வாசிக்கிறவையளே?"

"பிடிபட்டால் ஆர் மறியலுக்குப் போறது? நீயோ?"

"பிடிபடாது."

"முருகையா அண்ணைதான் போவார். பொய்க் கடிதம் குடுத்த தோட்டத்தான் எண்டு பேப்பரில வரும். நீ அதுக்கும் ஒரு போஸ்ட் போடுவாய்."

"அப்ப அவையள் மட்டும் கோவையைத் துலைக்கலாம், நாங்கள் நேர்மையா நிண்டு சாகவேணுமோ?" என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவையள் வாசிக்காதபடியால்தான் நாங்கள் பிழையில்லாமல் எழுத வேணும். என்றைக்கோ ஒரு நாள் வாசிப்பாங்கள். அண்டைக்கு நிக்கிற கடிதமா இருக்கவேணும்." சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தேநீர் குடித்தார். அந்த வசனத்தை அன்று நான் வெறுத்தேன். ஏழைகளுக்கு மட்டும் சொல்லப்படுகிற நேர்மை என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் பாதி எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

திரும்பி வந்து, 'பிழை' என்று பேர் வைத்திருந்த ஒரு கோப்பைத் திறந்தார். நான் அதுவரை பார்த்ததில்லை. முருகையாவின் பக்கத்துக் காணிக்காரி, கணவனை இழந்த பழனியம்மா என்பவரின் கடிதம். முருகையாவின் முதற் கடிதத்துக்கு அடுத்த கிழமை, அதையே திறந்து அக்கா அடித்தது. பேர் வைத்துத்தான் அடித்திருக்கிறார். ஆனால் மூன்றாம் பந்தியை மாற்ற மறந்துவிட்டார். முதற் பந்தியில் பழனியம்மா, விதவை. மூன்றாம் பந்தியில், "முருகையா ஆகிய நான் எனது மனைவியுடனும் மூன்று பிள்ளைகளுடனும் மேற்படி கிணற்றுக்கு மேற்கே குடியிருந்து வருகிறேன்." கந்தோர் அதை ஏற்று, திகதியோடு முத்திரை குத்தியிருந்தது. மறுநாள் பிழையைக் கண்ட அக்கா திருத்திய கடிதத்தோடு ஓடியிருக்கிறார். "சீல் அடிச்சாச்சு, இனி மாத்தேலாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்கே பழனியம்மாவுக்குப் பேர்மிட்டும் கிடைத்தது. மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும்.

"இவ்வளவு வருசமா ஏன் இதை அழிக்காம வச்சிருக்கிறியள்?"

"வெக்கத்துக்குத்தான். இதைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்து, பழைய பேரை விரல் வச்சுத் தேடுறனான்."

முத்திரை குத்திய பிரதியைத் தேடி அடுத்த நாள் இருவரும் பஸ்ஸில் பழனியம்மாவிடம் போனோம். பழனியம்மா தகரப் பெட்டிக்குள்ளிருந்து, பொலித்தீன் பையில் சுற்றியிருந்த கடிதத்தை எடுத்துத் தந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அக்கா நின்றபடியே சொன்னார்: "அம்மா, இதில நான் ஒரு பிழை விட்டனான். அண்டைக்கே தெரியும். உங்களிட்டைச் சொல்லேல்லை." மூன்றாம் பந்தியை வாசித்தும் காட்டினார்.

பழனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்கான்னு இப்பதாங்க தெரியுது! இத்தன வருசமா சமைக்க வராம எங்க போயிட்டா அவ?"

அக்காவும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "இதை இப்ப கந்தோரில காட்டினால் உங்கட பேர்மிட்டுக்கும் கரைச்சல் வரலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

பழனியம்மா கிணற்றுக்கு மேற்கே பார்த்தார். அங்கே முருகையாவின் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைங்கள நாந்தான் தூக்கி வளர்த்தேன். கொண்டு போங்க. கேட்டா நான் வந்து சொல்லுறேன்."

கந்தோரில் அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இதென்ன, பொம்பிளை எண்டு தொடங்கி, மனைவி எண்டு வருது?"

"ஓம் சேர்" என்றார் அக்கா. "நீங்கள் இதை இண்டைக்குத்தான் வாசிக்கிறீங்கள். சீல் அப்பவே அடிச்சனீங்கள்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் கடிதத்தைத் தூக்கி எறிய முடியவில்லை. முருகையாவின் கடிதம் அந்த முத்திரைத் திகதிக்கு முன்பே இருந்திருக்காவிட்டால் முருகையா இந்தப் பந்திக்குள் வந்திருக்க முடியாது. கடைசியில், கடிதம் அடித்தவர் நடந்ததைச் சத்தியக் கடதாசியாகத் தரவேண்டும் என்றார். அக்கா அன்று பின்னேரமே கடையில் இருந்து அடித்தார். நான் பார்க்க அவர் வெற்றுப் பக்கத்தில் தொடங்கிய ஒரே கடிதம் அது. தன் பிழையை 'நான்' என்றே எழுதினார். முருகையாவின் முதற் கடிதம் அழிந்த இடத்தில் மட்டும் "எமது கடையில் ஏற்பட்ட கவனக்குறைவால்" என்று எழுதினார். என் பேர் அதில் இல்லை. நான் அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். அன்றைக்கே இருந்து நாற்பது கோப்புகளையும் பூட்டினேன். ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை.

காணி விசாரணைக்குத் திகதி வந்தது. அக்காவை அடக்கம் செய்த அடுத்த கிழமை. முருகையா அண்ணனோடு நான் போனேன். சத்தியக் கடதாசி தந்தவர் எங்கே என்று கேட்டார்கள். மரணச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. பையில் இருந்த மரண அறிவித்தலை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி கண்ணாடியைப் போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"இதில பிறப்பிடம் ஓலைத்தொடுவாய். சத்தியக் கடதாசியில பேசாலை. இது அதே ஆள்தானோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, மேசையைக் கவிழ்க்கவும் தோன்றியது. இத்தனை வருடத்தில் அந்தக் கந்தோர் ஏற்பதற்கு முன்பே எழுத்தெண்ணி வாசித்த முதல் தாள் றெஜினா அக்காவின் மரண அறிவித்தல். 'என்றைக்கோ ஒரு நாள் வாசிப்பாங்கள்' என்றாரே, அந்த நாள் இதுதான். நிற்கிற கடிதமாக அது இருக்கவில்லை.

"மரணச் சான்றிதழைக் கொண்டுவாருங்கோ. கடையில இதைத் தெரிஞ்ச வேற ஆக்கள் இருந்தால் அவையும் எழுதித் தரவேணும்" என்று திகதியைத் தள்ளிவைத்தார்கள். "இருக்கினமோ?" என்று அதிகாரி கேட்டார்.

முருகையா அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்தே அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஓம்" என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பேசாலைக் கோயிலில் அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை. அதற்கான அறிவித்தலை நான் அடித்தேன். பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்து, முதலில் பேர் வைத்துவிட்டு அடித்து, அச்செடுத்து, விரல் வைத்துப் பார்த்தேன். ஊர் சரியாக இருக்கிறது. விசாரணை அதற்கடுத்த செவ்வாய். முருகையா அண்ணனுக்குக் காணி கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் ஆன்மா அதைப் பார்த்துக்கொள்ளும் என்றெல்லாம் நான் எழுதமாட்டேன். அவர் பார்த்துக்கொண்டது உயிரோடு, அந்தக் கதிரையில் இருந்து. இனி அந்தக் கதிரையில் இருக்கிறவர்கள் பார்க்கவேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை நாற்பது பூட்டிய கோப்புகளும், 'பிழை' என்ற ஒன்றும், அவருடைய சத்தியக் கடதாசியும். நேற்று அந்தச் சத்தியக் கடதாசியைத் திறந்தேன். ஒரு எழுத்தையும் தொடுவதற்கு முன் அதை வேறு பெயரில் சேமித்தேன். என் பேர், முருகையா காணி, இந்த வருடம். பிறகு சத்தியம் செய்கிறவரின் பேர் வருகிற இடங்களில் என் பேரை அடித்து, அவர் தன் பிழையை 'நான்' என்று சொன்ன இடங்களில் அவருடைய பேரை வைத்தேன். "எமது கடையில் ஏற்பட்ட கவனக்குறைவால்" என்ற வரிக்கு வந்தபோது அதை மட்டும் அழித்து, "என்னால்" என்று எழுதினேன். அவர் எழுதிய வரி அவருடைய கோப்பில் அப்படியே இருக்கிறது.